யானை வேலியோரம் ஒரு பொறி

வில்கமுவப் பக்கம் ஜூன் தொடங்கி செப்டெம்பர் வரை மழை குறைவு. நக்கிள்ஸ் மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரமே இருக்காது. கினிப்புல்லும் மானாப்புல்லும் சருகாய் நிற்கும். வஸ்கமுவ தேசிய பூங்காவை அண்டிய ஊர்களில் யானை வேலியடிப் புல்லை வெட்டாமலும் விட முடியாது. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் நிலத்துக்கு இறங்கி, வேலி வலுவிழக்கும். ஆனால் புல்வெட்டும் மெஷினின் இரும்புத் தகடு கல்லில் பட்டால் தீப்பொறி பறக்கும். கற்கள் உள்ள இடத்தில் தகட்டைக் கழற்றிவிட்டு நைலோன் நூலைப் பூட்டுங்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே வேலையை முடிப்பது நல்லது.

பெற்றோல் ஊற்றுவதானால் மெஷின் ஆறட்டும். ஊற்றிய இடத்திலேயே இயக்காமல், பத்தடி தள்ளிப்போய் இயக்குங்கள். சூடான புகைக்குழாயைப் புல்மேல் வைக்கவே வேண்டாம். பலர் அசட்டையாக விடுவது இதைத்தான்.

கேற்றுக்கு வெல்டிங் வைக்கிறீர்களா, கிரைண்டரால் இரும்பு அறுக்கிறீர்களா? சுற்றிலும் 35 அடிக்குச் சருகை அகற்றி, நிலத்தை நனையுங்கள். தண்ணீர் வாளியும் மண்வெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் உடனே கிளம்ப வேண்டாம்: சருகுக்குள் விழுந்த பொறி புகையாமலே கனன்று, பிறகு பற்றக்கூடும். ஒருவராவது ஒரு மணிநேரம் நின்று பாருங்கள்.

தீ கைமீறினால் அணைக்கப் போராடாமல் விலகிவிடுங்கள். தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117.