பெயர்ப்பும் பொருளும்

திருக்குர்ஆனுக்கு இலத்தீனில் எழுந்த முதல் முழு மொழிபெயர்ப்பு 1143ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. குளூனி மடத் தலைவர் பீட்டர் அதனை ஆக்குவித்தது, இஸ்லாத்தை மறுத்தற்பொருட்டேயாம். மறுப்பதற்கென்றே கற்பவர், பிறர் நெஞ்சை முழுதுங் காணார்.

1917இல் இஸ்லாத்தைத் தழுவியமையை வெளிப்படையாக அறிவித்த ஆங்கில நாவலாசிரியர் மார்மடியூக் பிக்தால், 1930இல் தமது ஆங்கில ஆக்கத்தை வெளியிட்டார். அரபு மூலம் பெயர்த்தற்கரியது என்னும் நம்பிக்கையால், அதனை வாளா ‘குர்ஆன்’ என்னாது, ‘மாட்சிமிக்க குர்ஆனின் பொருள்’ என்றே வழங்கினார். முஸ்லிம்களுக்கு அவ்வரபுச் சொல்லே இறைவாக்கு என்னும் உண்மையை, ‘பொருள்’ என்னும் ஒரு சொல்லால் மேனாட்டார்க்கு உணர்த்தினார்.

உரைநூல் கற்பிக்கும் யான் மாணவர்க்குக் கூறுவது இதுவே: பிறர் சமயத்தை விளக்கப் புகுவோர், அச்சமயத்தார் கேட்டு ‘ஆம், இஃது எமதே’ என உடன்படுமாறு உரைத்தல் வேண்டும். ஏற்பதும் மறுப்பதும் அதன் பின்னரே.