பூங்காவின் அடியில் ஒரு கிராமம்

நியூயார்க் நகரின் நடுவேயுள்ள 'ஸென்ட்ரல் பார்க்'கின் விஸ்தீரணம் 843 ஏக்கர். அதன் ஏரிகளைப் படத்தில் கண்டு இயற்கையின் அற்புதம் என்று நாம் வியக்கிறோம். அவை யாவும் மனிதர் அமைத்தவையே! ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்னும் இருவரின் திட்டம் 1858-ல் தேர்வாயிற்று.

நமது மனத்தைக் கவருவது அதற்கு முந்திய கதைதான். பூங்காவின் மேற்கு ஓரத்தில் 1825 முதல் கறுப்பின மக்கள் நிலம் வாங்கி ஸெனெகா கிராமத்தை நிர்மாணித்தார்கள். மூன்று கிறிஸ்தவ ஆலயங்களும் ஒரு பள்ளிக்கூடமும் அங்கே எழுந்தன. நிலம் அவர்களுக்கு வெறும் மண்ணல்ல. கறுப்பர் வோட்டுப் போட 250 டாலர் பெறுமான நிலச்சொத்து வேண்டும் என்பது அக்காலத்துச் சட்டம். வெள்ளையருக்கோ 1826-லேயே சொத்து நிபந்தனை நீங்கிவிட்டது. என்ன நியாயம் பாருங்கள்!

1855-ல் சுமார் 225 பேர் அங்கே வசித்தார்கள். 1857-ல் பூங்காவுக்காக எல்லோரும் வெளியேற்றப்பட்டனர். நிலத்துக்கு ஈட்டுத்தொகை கிடைத்தது, வோட்டுக்கு?

2011-ல் ஆராய்ச்சியாளர்கள் தோண்டியபோது ஒரு வீட்டின் அஸ்திவாரமும் இரும்புத் தேநீர்க் கெண்டியும் சின்னஞ்சிறு பாதரட்சை ஒன்றும் வெளிப்பட்டன.