கால்பந்தில் முடிவெடுத்தல்

கால்பந்து, ஹாக்கி, கூடைப்பந்து போன்றவை எதிரணியின் பகுதிக்குள் புகுந்து கோல் அல்லது புள்ளி எடுக்கும் விளையாட்டுகள். இவற்றின் உத்தி முழுவதும் இடத்தைப் பற்றியது. பந்து தன்னிடம் இருக்கும்போது அணி அகலமாகப் பரவும். இழந்தவுடன் தன் கோலுக்கு முன் நெருங்கி நிற்கும்.

இரண்டு பேரை ஒரே தடுப்பாட்டக்காரர் எதிர்கொள்ளும் நிலையைப் பாருங்கள். பந்து வைத்திருப்பவர் அவசரப்பட்டுக் கொடுத்தால், தடுப்பவர் நகர்ந்து அடுத்தவரை மறித்துவிடுவார். அவரைத் தன்னருகே வரவழைத்துக் கொடுத்தால் தோழருக்கு வழி திறக்கும். அதிகம் தாமதித்தால் பந்து பறிபோகும். முன்னே ஓடிவிட்ட தோழர் ஆஃப்சைடில் சிக்கவும் கூடும். தடுப்பவர் தோழரையே காத்து நின்றால், பந்தைக் கொடுக்காமல் தானே முன்னேறுவதே சரி.

2023 ஆகஸ்ட் 12 அன்று டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் மோகன் பகானை 1-0 என வென்றது. அந்தக் கோல் சென்னை வீரர் நந்தகுமார் சேகருடையது. வலப்புறத்தில் பந்தைப் பெற்றவர், ஓரமாக ஓடாமல் உள்ளே திரும்பி, இடக்காலால் வளைத்து அடித்தார்.

வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகளில் இடுக்கான இடத்தில் ஆடும் பிள்ளைகள், பந்து காலுக்கு வருமுன்பே சுற்றிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பார்க்க நேரம் கிடைக்காது. பள்ளி ஆட்டங்களில் கோட்டருகே நின்று "கொடுடா, கொடுடா" என்று கத்திய ஆசிரியர்களில் நானும் ஒருவன். அந்தக் குரலுக்காகக் கொடுக்கும் சிறுவன் தடுப்பவரைப் பார்ப்பதே இல்லை. சிறு கட்டத்துக்குள் இருவருக்கு ஒருவர் என ஆடவிட்டு, ஆசிரியர் பேசாமல் நின்றால் போதும். எப்போது கொடுப்பது என்பதைப் பையன்களே கண்டுபிடிக்கிறார்கள்.