டேப்புக்கு ஒரு வீடு: கம்ப்யூட்டரைப் படம் போட்டுக் காட்டிய ஓவியர்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. பிரவுசரில் ஏழெட்டு டேப் திறந்து வைத்திருப்பீர்கள். திடீரென்று ஒன்று அசையாமல் நின்றுவிடும். அதை மூடினால் மற்றவையும் சேர்ந்து போய்விடுமா?

போன மாதம் லேப்டாப் வாங்கிய என் அத்தையும் இதைத்தான் கேட்டார். சாப்ட்வேர் எஞ்சினியர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா? புராசஸ், த்ரெட், மெமரி லீக் என்று பத்து நிமிடம் பொழிந்து தள்ளினேன். அத்தை முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உனக்குத் தெரிஞ்சதை உனக்கே சொல்லிக்கிறியே தம்பி, எனக்கு எப்ப சொல்லப் போறே?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு கைகொடுத்தது 2008-ல் வந்த ஒரு காமிக்ஸ். மொத்தம் 38 பக்கம். அதில் கதாநாயகன் கூகுள் குரோம் பிரவுசர்! வரைந்தவர் ஸ்காட் மெக்கிளவுட் என்ற அமெரிக்க ஓவியர். பிரவுசருக்குப் போவதற்கு முன் இவரைப் பற்றிக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

பார்வையற்ற அப்பா, படம் வரையும் மகன்

மெக்கிளவுட் 1960-ல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். அப்பா எஞ்சினியர், கண்டுபிடிப்பாளர், ராக்கெட் துறையில் வேலை பார்த்தவர். ஆனால் பார்வையற்றவர். மகனோ, கண்ணால் மட்டுமே அனுபவிக்கக் கூடிய ஒரு தொழிலைத் தேர்ந்தெடுத்தார். பார்வையற்ற ஒருவருக்கு ஒரு படத்தைச் சொல்லிக் காட்ட வேண்டுமானால், முதலில் அதைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தாக வேண்டும். அந்தப் பழக்கம் வீட்டிலேயே தொற்றிக்கொண்டதோ என்னவோ. இது என் சொந்த யூகம்தான்.

1982-ல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஓவியப் பட்டம் வாங்கிவிட்டு, டிசி காமிக்ஸ் நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். 1984-ல் 'ஸாட்!' என்ற சொந்தத் தொடரை ஆரம்பித்தார். அவரை உலகம் முழுக்கத் தெரிய வைத்தது 1993-ல் வெளிவந்த 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்'. காமிக்ஸ் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காமிக்ஸ் வடிவத்திலேயே விளக்கும் புத்தகம் அது. அவரே ஒரு கார்ட்டூன் பாத்திரமாகக் கட்டத்துக்குள் நின்றுகொண்டு பாடம் நடத்துவார்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம் பற்றிய பகுதி. ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேர நகரமும் ஓர் அலறலும் மட்டும்தான். வெட்டு எங்கே விழுந்தது என்று ஓவியர் வரையவே இல்லை. அதை மனதுக்குள் நடத்தி முடிப்பவர் வாசகர். கம்ப்யூட்டரில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்போது நாமும் இதைத்தானே செய்கிறோம்? உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் வைரஸ் வந்துவிட்டது, ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்று நாமாகவே ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறோம்.

2000-ல் வந்த 'ரீஇன்வென்டிங் காமிக்ஸ்' புத்தகத்தில் இன்னொரு யோசனை சொன்னார். கம்ப்யூட்டர் திரையை ஏன் காகிதப் பக்கம் மாதிரி நினைக்க வேண்டும்? அது ஒரு ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் கதை எந்தப் பக்கம் வேண்டுமானாலும், எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நீளலாம். இதற்கு 'எல்லையில்லாக் கித்தான்' என்று பொருள்படும் பெயர் வைத்தார். இன்று செல்போனில் விரலால் மேலே தள்ளித் தள்ளிப் படிக்கும் கொரிய வெப்டூன்களைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். எல்லா யோசனையும் ஜெயிக்கவில்லை. 2003-ல் தன் கதை ஒன்றை இன்டர்நெட்டில் பகுதிக்கு 25 சென்ட் என்று விற்றுப் பார்த்தார். அந்தச் சில்லறைக் கட்டணத்தை வசூலித்துக் கொடுத்த பிட்பாஸ் நிறுவனம் 2007-ல் மூடப்பட்டது.

ஒண்டுக்குடித்தனமும் ஃபிளாட்டும்

இப்போது குரோமுக்கு வருவோம். பிரவுசரை உருவாக்கிய எஞ்சினியர்களைப் பேட்டி கண்டு, அவர்களையே பாத்திரங்களாக வரைந்தார் மெக்கிளவுட். அச்சிட்ட பிரதிகளை கூகுள் தபாலில் அனுப்பியது. ஜெர்மனியில் ஒருவருக்கு அது முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட, 2008 செப்டம்பர் 1 அன்றே ஸ்கேன் செய்து வெளியிட்டுவிட்டார். பிரவுசர் வந்தது மறுநாள்தான்!

இந்தக் காமிக்ஸ் விளக்கும் முக்கியமான விஷயத்தை அத்தைக்கு நம் ஊர் உதாரணத்தில் சொன்னேன். அந்தக் காலப் பிரவுசர் ஓர் ஒண்டுக்குடித்தனம். எத்தனை டேப் திறந்தாலும் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சமையலறை, ஒரே வாசல். ஒரு வீட்டில் அடுப்பு பற்றிக்கொண்டால் எல்லோரும் வெளியே ஓட வேண்டியதுதான். ஒரு டேப் ஹேங் ஆனால் மொத்தப் பிரவுசரும் விழுந்தது இதனால்தான். குடும்பம் காலி செய்து போன பிறகும் மூலையில் பழைய சாமான் கொஞ்சம் கிடக்கும். டேப்பை மூடிய பிறகும் மெமரி முழுதாகத் திரும்பி வராமல் இருந்தது இப்படித்தான்.

குரோம் செய்தது ஃபிளாட் கட்டியது. ஒவ்வொரு டேப்பும் தனிப் புராசஸ், அதாவது கம்ப்யூட்டர் தனியாக நடத்தும் ஒரு வேலை. தனி வீடு, தனிப் பூட்டு. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அந்த வீட்டை மட்டும் மூடினால் போதும். காலி செய்தால் இடம் முழுவதும் அப்படியே திரும்பக் கிடைக்கும். குடியிருப்பவர் கட்டடத்தின் மெயின் சுவிட்சைத் தொடவும் முடியாது. எதற்கும் வாட்ச்மேனைத்தான் கேட்க வேண்டும். ஒரு மோசமான வெப்சைட் உங்கள் ஃபைல்களில் கைவைக்காமல் தடுக்கும் இந்த ஏற்பாட்டுக்கு 'சாண்ட்பாக்ஸ்' என்று பெயர்.

"அப்போ வீட்டுக்கு வீடு தனிச் சமையலறை கட்டணுமே, இடம் அதிகம் பிடிக்காதா?" என்றார் அத்தை. பிடித்துவிட்டார் பாருங்கள்! குரோம் ராம் மெமரியை நிறைய எடுத்துக்கொள்கிறது என்று எல்லோரும் புலம்புவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். தொடக்கத்தில் மெமரி அதிகம் செலவாகும் என்பதைக் காமிக்ஸும் மறைக்கவில்லை. 2018 முதல் பாதுகாப்புக்காக ஒரே பக்கத்துக்குள் வரும் வேறு வெப்சைட்டுகளையும் தனித்தனிப் புராசஸில் வைக்கிறார்கள். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் இருபது டேப் திறந்தால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 2008-ல் மைக்ரோசாப்ட் சோதனைக்கு விட்ட இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-லும் டேப்களைப் பிரித்து வைக்கும் வசதி இருந்தது. ஆனால் என் தலைமுறை எஞ்சினியர்களில் பலருக்கு இந்த விஷயம் குரோம் மூலமாகத்தான் தெரியும். படத்தின் பலம் அது. அங்கேயே கொஞ்சம் உஷாராகவும் இருக்க வேண்டியிருக்கிறது. மெக்கிளவுட் வரைந்தது பாடம் மட்டும் இல்லை, ஒரு கம்பெனி காசு கொடுத்து வரையச் சொன்ன அறிமுகமும்கூட. பக்கம் பக்கமாகச் சிரித்த முகத்தோடு எஞ்சினியர்கள் பேசும்போது, இந்தப் பிரவுசர் என்னைப் பற்றி என்னென்ன தெரிந்துகொள்ளும் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

2022-ல் லியா எலியட் என்ற ஓவியர் அதைக் கேட்டார். மெக்கிளவுட்டின் அதே பாணியை எடுத்துக்கொண்டு 'கான்ட்ரா குரோம்' என்ற காமிக்ஸை வெளியிட்டார். குரோம் நம்மைப் பற்றிய தகவல்களை எப்படிச் சேகரிக்கிறது என்பதுதான் அதில் விஷயம். அத்தைக்கு இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினேன். முதல் காமிக்ஸைச் சிரித்துக்கொண்டே படித்தவர், இரண்டாவதை முடித்ததும் செட்டிங்ஸில் பிரைவசி பகுதி எங்கே இருக்கிறது என்று கேட்டார். இரண்டுமே வேலை செய்திருக்கின்றன!

மெக்கிளவுட் பாடம் நடத்துவதை நிறுத்தவில்லை. 2006-ல் படம் வரையக் கற்றுக்கொடுக்கும் 'மேக்கிங் காமிக்ஸ்' வந்தபோது, குடும்பத்தோடு அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் சுற்றுப்பயணம் போய்ப் பேசினார். 2025-ல் ரெய்னா டெல்ஜமியருடன் சேர்ந்து 'தி கார்ட்டூனிஸ்ட்ஸ் கிளப்' என்ற புத்தகம் கொண்டுவந்தார். ஒரு பள்ளியில் பிள்ளைகள் சேர்ந்து காமிக்ஸ் கிளப் ஆரம்பிக்கும் கதை. எட்டு வயதுக் குழந்தைகூடப் படிக்கலாம்.

நீங்களே பாருங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் எத்தனை ஃபிளாட் இருக்கிறது என்று பார்க்க ஆசையா? குரோமைத் திறந்து வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் கீயை அழுத்தியபடி எஸ்கேப் கீயைத் தட்டுங்கள். விண்டோஸுடன் வரும் எட்ஜ் பிரவுசரிலும் இதே கீகள்தான். ஒரு பட்டியல் வரும். மெமரி என்ற தலைப்பில் கிளிக் செய்தால் எது அதிகம் விழுங்குகிறது என்று வரிசைப்படுத்திக் காட்டும். அசையாமல் நிற்கும் டேப்பைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் புராசஸ்' கொடுங்கள். பெரும்பாலும் அது மட்டும் போகும், மற்றவை அப்படியே இருக்கும். பட்டியலில் 'பிரவுசர்' என்று ஒரு வரி இருக்கும். அதுதான் வாட்ச்மேன். அவர் இல்லாவிட்டால் கட்டடமே காலியாகிவிடும்.