காந்தம் கெடுத்ததைக் காந்தமே மீட்கும் விந்தை

சீரியம், இட்டர்பியம், யுரேனியம் சேர்ந்த சில உலோகச் சேர்மங்களில், கடுங்குளிரில் எலெக்ட்ரான்கள் வழக்கத்தைவிட நூறு மடங்கு, சிலவற்றில் ஆயிரம் மடங்கு கனத்தவைபோல நடந்துகொள்கின்றன. சேற்று வயலில் நடப்பவரின் காலோடு சேறும் அப்பிக்கொண்டு வருவதுபோல, ஓடும் எலெக்ட்ரான் அணுக்களுக்குள் இருக்கும், எஃப்-எலெக்ட்ரான்கள் எனப்படும் எலெக்ட்ரான்களின் காந்தப் பாதிப்பையும் இழுத்துக்கொண்டு நகர்கிறது. இவையே கன ஃபெர்மியான் பொருள்கள். 1979இல் ஃபிராங்க் ஸ்டெக்லிக் குழுவினர், சீரியம்-செம்பு-சிலிக்கான் சேர்மம் அரை கெல்வின் அளவில் மின்தடையே இல்லாத மீக்கடத்தியாவதைக் கண்டனர். காந்த அணுக்கள் மீக்கடத்தலைக் கெடுக்கும் என்றே அதுவரை நம்பியிருந்தார்கள்.

கனத்த எலெக்ட்ரான்களின் ஆற்றல் வரம்பு சிறியது. ஆகவே காந்தப்புலம் ஒன்றே அவற்றை ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிவிடும். இட்டர்பியம்-ரோடியம்-சிலிக்கான் சேர்மத்தில் 0.07 கெல்வினில் தோன்றும் காந்த ஒழுங்கைக் குலைக்க, தக்க திசையில் 0.06 டெஸ்லா புலமே போதும்.

இவற்றுள் வியப்பானது யுரேனியம்-ரோடியம்-ஜெர்மானியம் சேர்மம். 9.5 கெல்வினில் காந்தமாகும் இது, காந்தமாக இருந்துகொண்டே 0.25 கெல்வினில் மீக்கடத்தியும் ஆகிறது. 2005இல் பிரான்சின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் அதன் படிகத்தில் ஒரு குறிப்பிட்ட அச்சின் வழியே புலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 2 டெஸ்லாவில் மீக்கடத்தல் அழிந்து மின்தடை திரும்பியது. புலத்தை மேலும் கூட்டியபோது, 8 டெஸ்லா அளவில் தடை மீண்டும் சுழியானது. 13 டெஸ்லா வரை அப்படியே நீடித்தது. 12 டெஸ்லாவை ஒட்டி, யுரேனிய அணுக்களின் காந்தத் திசை பழைய அச்சை விட்டுப் புலத்தின் பக்கம் சாய்கிறது. சாயும் தறுவாயில் எழும் தள்ளாட்டமே எலெக்ட்ரான்களை ஜோடி சேர்த்து மீக்கடத்தலை மீட்பதாகக் கருதப்படுகிறது. ஜோடியிலுள்ள எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிகள் (ஸ்பின்) இரண்டும் ஒரே திசையில் இருப்பதால், இத்தனை வலிய புலத்தாலும் அவற்றைப் பிரிக்க முடிவதில்லை. அந்தப் புலத்தில் மீக்கடத்தல் 0.4 கெல்வின் வரை தாக்குப்பிடிக்கிறது. புலமே இல்லாதபோது இருந்ததைவிட இது அதிகம்.

இதேபோல, 2019இல் யுரேனியம் டெலுரைடு என்னும் மற்றொரு சேர்மத்தில் 40 டெஸ்லாவுக்கு மேலும் மீக்கடத்தல் மீண்டெழுவது தெரியவந்தது.

இந்த விந்தைகளை முழுமையாகக் காணத் தூய படிகம் தேவை. யுரேனியம் டெலுரைடு முதலில் 1.6 கெல்வினில்தான் மீக்கடத்தியானது. உருகிய உப்பில் வளர்த்த தூய படிகங்களில் அது 2.1 கெல்வினாக உயர்ந்தது. பெரிய காந்தங்களுக்குக் கிடைக்கும் கவனமும் பணமும் படிகம் வளர்க்கும் உலைக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. மாசு கலந்த படிகத்தை எவ்வளவு வலிய காந்தத்துக்குள் வைத்தாலும் அது தன் இயல்பை முழுமையாகக் காட்டாது. படிகம் வளர்ப்பதையும் அளவீட்டுக்கு நிகரான அறிவியலாக மதித்து வளர்க்க வேண்டும்.