எலும்பு மூட்டுகளின் அமைப்பும் செயற்பாடும்: இராயப்பன்பட்டித் திராட்சைப் பந்தல் உழைப்பை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மனித உடலின் எலும்புகளும் மூட்டுகளும் அமைந்துள்ள முறையையும், அவ்வமைப்பு உழைக்கும் உடலில் செயற்படும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள இராயப்பன்பட்டியின் திராட்சைப் பந்தல் வேலை இதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. பந்தல் வேலையில் எழும் தோள்வலியை முதுமையின் விளைவு என்று மட்டும் கருதுதல் பொருந்தாது. தோள் மூட்டின் அமைப்பும் வேலை செய்யும் நிலையும் சேர்ந்தே அதனை விளைவிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: என்பு, மூட்டு, கீல், தோள், திராட்சைப் பந்தல், கம்பம் பள்ளத்தாக்கு.

முன்னுரை

மேகமலையின் அடிவாரத்தில் அமைந்த இராயப்பன்பட்டியிலும், அதனை அடுத்த ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி முதலிய ஊர்களிலும் பன்னீர்த் திராட்சை பயிராகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பிற பகுதிகளில் குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் விளையும் திராட்சை இங்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது இதன் தனிச்சிறப்பு. கனி ஆண்டு முழுவதும் கிடைக்கிறது எனின், அதற்கான கையுழைப்பும் ஆண்டு முழுவதும் நீள்கிறது என்பது பொருள்.

தூண்களின்மீது கட்டப்பட்ட கம்பிப் பந்தலில் கொடி தலைக்குமேல் படர்கிறது. கவாத்து செய்தல், தளிரைக் கம்பியில் கட்டுதல், குலை வெட்டுதல் ஆகியன முகத்தை நிமிர்த்திக் கையை உயர்த்திச் செய்யும் வேலைகள். மாலையில் கை கடுக்கும்போது, “வயசாயிருச்சு” என்று கூறி அமைவதே வழக்கம். இவ்விளக்கம் போதுமானதா என்பதை எலும்பு, மூட்டு ஆகியவற்றின் அமைப்பைக்கொண்டு ஆராயலாம்.

என்பின் அமைப்பு

சித்த மருத்துவம் கூறும் ஏழு உடற்கட்டுகளுள் ஐந்தாவது என்பு. அதனை அடுத்து வைக்கப்படும் மூளை என்னும் கட்டு, என்பின் உள்ளே நிறைந்திருக்கும் மச்சையைச் சுட்டுவது. என்பு உட்பொருளற்ற வெறும் தாங்குகோல் அன்று என்ற புரிதல் இவ்வரிசையிலேயே புலப்படுகிறது.

வளர்ந்த மனித உடலில் பொதுவாக 206 எலும்புகள் உள்ளன. பிறக்கும் குழந்தைக்கு இவ்வெண்ணிக்கை மிகுதி; வளர்ச்சியின்போது பல எலும்புகள் ஒன்றிணைகின்றன. எலும்புக்கு வளைந்துகொடுக்கும் தன்மையைத் தருவது கொலாஜன் என்னும் புரத இழை. உறுதியைத் தருவது கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த கனிமப் படிகம். புறத்தே செறிவான எலும்பும் அகத்தே பஞ்சு போன்ற எலும்பும் அமைவதால், குறைந்த எடையில் மிகுந்த வலிமை கிட்டுகிறது. சிவப்பு மச்சையில் இரத்த அணுக்கள் தோன்றுகின்றன.

எலும்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. ஒருவகைச் செல்கள் பழைய எலும்பைக் கரைக்க, மற்றொருவகைச் செல்கள் புதிய எலும்பை உருவாக்குகின்றன. தன்மீது விழும் சுமைக்கு ஏற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892ஆம் ஆண்டில் விளக்கினார். ஆகவே உழைப்பு எலும்புக்குப் பகை அன்று; அளவான உழைப்பே எலும்பை வலுப்படுத்துகிறது. வலிக்கான காரணத்தை எலும்புகள் சேரும் இடங்களில் தேடவேண்டும்.

மூட்டின் வகைகள்

கதவு திரும்பும் இணைப்பையும் எலும்புகள் பொருந்தும் இடத்தையும் தமிழ் ‘கீல்’ என்னும் ஒரே சொல்லால் குறிக்கிறது. கீல்வாதம் என்னும் நோய்ப்பெயர் இதனின்று பிறந்தது. எனினும் எல்லா மூட்டுகளும் கீல்கள் அல்ல. மண்டையோட்டின் இணைப்புகள் அசையா மூட்டுகள். முதுகெலும்புத் துண்டங்களுக்கு இடையே உள்ளவை சிறிதே அசைபவை. கைகால்களில் உள்ளவை பெரும்பாலும் நன்கு அசையும் மூட்டுகள்.

நன்கு அசையும் மூட்டில் எலும்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. இடைவெளியில் உயவு நீர் நிறைந்துள்ளது. குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தி விரியும் அதனுள் உயவு நீர் புகுந்து வெளியேறுவதால் ஊட்டம் கிடைக்கிறது. எனவே ஓயாத அழுத்தமும் தீங்கு, அசைவற்ற நீண்ட ஓய்வும் தீங்கு.

கத்தரிக்கோல் பிடிக்கும் ஒரு கையில் இவ்வகைமையைக் காணலாம். முழங்கை, கீல் மூட்டாக மடங்குகிறது. கட்டைவிரலின் அடியிலுள்ள சேண மூட்டு, விரல்களுக்கு எதிராகக் கட்டைவிரலைக் கொணர்கிறது. தோளின் பந்துக்கிண்ண மூட்டு எல்லாத் திசையிலும் சுழல்கிறது.

தோள் பெற்ற உரிமையும் அதன் விலையும்

இடுப்பு மூட்டில் கிண்ணம் ஆழமானது. உடலின் எடையைத் தாங்குதற்கு அது தகும். தோளிலோ கிண்ணம் ஆழமற்றது. மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கோ அதனினும் குறைவோதான் ஒரு நேரத்தில் கிண்ணத்தைத் தொடுகிறது. ஆழமின்மையால் அசைவுரிமை கிடைத்தது. அதற்கு ஈடாக, மூட்டை நிலைநிறுத்தும் பொறுப்பு தசைகளிடம் சென்றது. நான்கு சிறு தசைகளின் நாண்கள் பந்தைச் சூழ்ந்து கிண்ணத்தோடு பிடித்துவைக்கின்றன. தசையை எலும்போடு பிணைப்பதே தசைநாண்.

கையை முழுவதும் உயர்த்தும்போது ஏறத்தாழ 180 பாகை அசைவில் 120 பாகை தோள் மூட்டிலும் 60 பாகை தோள்பட்டை எலும்பின் நழுவலிலும் நிகழ்கின்றன. அப்போது மேற்புற நாண், தோள்பட்டை எலும்பின் கூரை போன்ற முனைக்கும் மேற்கை எலும்புக்கும் இடையிலுள்ள குறுகிய வழியில் நெருக்குண்ணலாம்.

சுமையையும் கணக்கிடலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை ஏறத்தாழ 3 கிலோ. கையைக் கிடைமட்டமாக நீட்டினால் அதன் எடைமையம் தோளிலிருந்து ஏறக்குறைய 30 செ.மீ. தொலைவில் அமையும்; தூக்கும் தசையின் நெம்புகரமோ சுமார் 3 செ.மீ. அளவே. ஆகவே, வெறுங்கையை நிறுத்தி வைப்பதற்கே தசை 30 கிலோவுக்கு நிகரான விசையைச் செலுத்தவேண்டும். கையை மேலும் உயர்த்தும்போது இவ்விசை குறையும். ஆனால் விடாது சுருங்கியுள்ள தசைக்கு இரத்த ஓட்டம் குறைவதால் களைப்பு விரைகிறது. களைத்த தசை பந்தை உரிய இடத்தில் நிறுத்தத் தவறும்போது நாணின் நெருக்கம் மிகுகிறது. ஒரு நாளில் இது சிறு உறுத்தல். ஆண்டு முழுவதும் தொடரின் நாண் தேய்கிறது. வயது இத்தேய்வை விரைவுபடுத்தும் காரணிகளுள் ஒன்று. ஒரே காரணம் அன்று.

வேலையை மாற்றும் வழி

காரணம் வேலை நிலையில் இருப்பின் தீர்வின் ஒரு பகுதியும் அங்கேயே உள்ளது. உயரம் குறைந்தவர்க்கு உறுதியான தாழ்ந்த மணை ஒன்று அளித்தால் முழங்கை தோள்மட்டத்துக்குக் கீழிறங்கும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டால் தசைக்கு இரத்தம் திரும்பும். கவாத்தையும் தரையில் செய்யும் தரம்பிரிப்பையும் ஒரே நாளில் மாற்றி மாற்றி வழங்கலாம். கூரிய கத்தரிக்கோல் கட்டைவிரல் மூட்டின் சுமையைக் குறைக்கும். இரவில் தூக்கம் கலைக்கும் வலி, கையை உயர்த்த இயலாமை ஆகியன தோன்றின் எண்ணெய் தேய்த்துப் பொறுத்திராமல் மருத்துவரை நாடுதல் வேண்டும்.

முடிவுரை

எலும்பு சுமைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. தசைநாண் அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. தோள், நிலைப்பை விட்டு அசைவைப் பெற்ற மூட்டு. பந்தல் வேலை அவ்வசைவின் எல்லையிலேயே அதனை நெடுநேரம் நிறுத்துகிறது. இதனை உணரின், “வயசாயிருச்சு” என்னும் சொல்லுக்கு முன்னால் கேட்கவேண்டிய வினா ஒன்று உண்டு: இன்று கை எவ்வளவு நேரம் தோளுக்குமேல் இருந்தது? அவ்வினாவுக்கான விடையை வேலை கொடுப்போரும் செய்வோரும் சேர்ந்து மாற்ற இயலும்.