எடை: அன்று ஏற, இன்று இறங்க

பெர்லினிலிருந்து வந்த டாக்டர் ஜாகோர் நம் தூத்துக்குடி மாவட்டத்து ஆதிச்சநல்லூர்ப் பறம்பைத் தோண்டித் தாழிகளையும் இரும்புக் கருவிகளையும் அள்ளிக்கொண்டு போன ஆண்டு 1876. தாது வருஷப் பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பிறகு தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இங்கே தோண்டியபோது, செத்தவர்களோடு புதைத்த கலங்களில் நெல் உமியும் தினை வகைகளும் கிடைத்தன. மூவாயிரம் ஆண்டுக்கு முன் இறந்தவனுக்குக்கூடச் சோறு வைத்து அனுப்பிய மண் இது. ஆனால் பறம்பில் முதல் மண்வெட்டி விழுந்த அந்த நாட்களில், மதராஸ் மாகாணத்தில் உயிரோடு இருந்தவர்களுக்குச் சோறில்லை. 1877-ல் ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் வகுத்த பஞ்ச நிவாரணக் கூலி, வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மண் சுமக்கிறவன் உடம்புக்கு இது காணாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். தாமிரபரணி ஓடியதால் நெல்லைச் சீமையை மற்ற மாவட்டங்கள் அளவுக்குப் பஞ்சம் அடிக்கவில்லை. இருந்தாலும் பட்டினிப் பயம் இங்கேயும் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு நூறு ஆண்டுக்கும் மேலாக நம் கவலையெல்லாம் ஒன்றே ஒன்றுதான்: உடம்பில் சதை பிடிக்க வேண்டும். இதே தூத்துக்குடி மாவட்டத்து எட்டயபுரத்தில் 1956-ல் காமராசர் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். இடையில் 1980-ல் உலக வங்கி உதவியோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை இப்போது பலர் மறந்திருப்பார்கள். அது நடந்த கிராமங்களில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதா மாதம் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார்கள். எடை ஏறாத பிள்ளைக்குச் சத்துணவு உண்டு, ஏறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். முள் ஏறியிருக்கிறதா என்று தாய்மார்கள் கண் கொட்டாமல் பார்த்த காலம் அது. பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள், “நல்லா பூசினாப்ல இருக்கா” என்று சொன்னால் அது பாராட்டு.

இப்போது அதே தமிழ்நாட்டின் கணக்கைப் பாருங்கள். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். 2019-21-ல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 சதவீதமாக இருந்தது 37 ஆகிவிட்டது. நான்கைந்து ஆண்டுக்குள் இவ்வளவு. நாற்று நடவும் அறுப்பும் இயந்திரத்துக்குப் போயின. கருங்குளத்துக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடந்தோ சைக்கிளிலோ போனவர்கள் பைக்கில் போகிறார்கள். ராத்திரிச் சாப்பாடு என்றால் பல வீடுகளில் புரோட்டா பார்சல். பசி போனதற்காக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. அது நாம் போராடி வாங்கிய வெற்றி. ஆனால் குண்டாக இருப்பவரை வாயைக் கட்டத் தெரியாதவர் என்று ஏசுவதை இனியாவது நிறுத்த வேண்டும். பரம்பரை, ஹார்மோன், மருந்து, தூக்கம், வறுமை எல்லாம் சேர்ந்து வருகிற நோய் இது. எடை மிகவும் ஏறிய உடம்பு, பட்டினி கிடந்து குறைத்த எடையைத் திரும்ப ஏற்றிக்கொள்ளத்தான் பார்க்கும்.

அந்த நிலைக்குப் போனவர்களுக்குத்தான் எடை குறைக்கும் அறுவை சிகிச்சை. 1966-ல் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் இரைப்பை பைபாஸைத் தொடங்கியபோது வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் செய்தார்கள். 1990-களில் லேப்ராஸ்கோப்பி வந்தது. இன்று நாலைந்து சிறு துளை போதும். இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

நம்மூர் ஆட்கள் பாளையங்கோட்டைக்கோ மதுரைக்கோ போய்க் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர் காதில் விழும்: ஸ்லீவ், பைபாஸ். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைக்காய் மாதிரி ஒரு குழாயாகத் தைத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெருமளவு சுரக்கும் இடமும் அந்த வெட்டியெடுத்த பகுதியோடு போய்விடுகிறது. வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது. பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பையாக இரைப்பையின் மேல்பகுதியைப் பிரித்து, நேரே சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மினி பைபாஸ் என்று ஒன்றும் நம் நாட்டில் நிறைய நடக்கிறது.

எது நல்லது என்று பொதுவாகச் சொல்ல முடியாது. ஆனால் உங்களுக்கு எது என்று சொல்ல முடியும். ஏற்கெனவே நெஞ்செரிச்சல் தீராமல் இருப்பவருக்கு ஸ்லீவ் அதைக் கூட்டிவிடலாம். சர்க்கரை முற்றியவருக்குப் பைபாஸ் கூடுதலாகக் கைகொடுக்கும். ஆனால் பைபாஸில் பி12, இரும்பு, கால்சியம் உடம்பில் ஒட்டுவது குறையும் என்பதால் ஆயுள் முழுக்க மாத்திரையும், ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனையும் தவிர்க்க முடியாது. ஸ்லீவிலும் மாத்திரை உண்டு. மாத்திரையை விடாமல் வாங்கும் வசதியும் வழக்கமும் வீட்டில் இருக்கிறதா என்பதை ஆபரேஷனுக்கு முன்பே யோசித்துவிட வேண்டும். பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் ஆபரேஷனுக்குப் பிறகு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்கச் சொல்வார்கள். இதை மாமியாரிடமும் மாப்பிள்ளையிடமும் முன்கூட்டிப் பேசிவிடுவது நல்லது.

2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்தச் சிகிச்சைக்கு வந்த இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். அரசு விசாரித்து, அந்த மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. நல்ல கையில், நல்ல இடத்தில் செய்தால் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு மேல் உயிருக்கு ஆபத்து வருவது அரிது. ஆனால் குறைந்த ரேட்டு என்று விளம்பரம் பார்த்துப் போகிற விஷயம் இல்லை இது. ஐ.சி.யு. உண்டா, ராத்திரி மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, இவர் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கோபப்படுகிற டாக்டரிடம் போக வேண்டாம்.

இனி இன்சூரன்ஸ். கத்தியைவிட அதிகமாக நம் ஆட்களைப் பயமுறுத்துவது இதுதான்.

1986-ல் அரசுக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்மைக் கொண்டுவந்தன. அதற்குப் பிறகு வெகுகாலம் பெரும்பாலான பாலிசிகளில் உடல் பருமன் சிகிச்சை என்றாலே கிடையாது. அழகுக்குச் செய்வது என்று ஒதுக்கிவிட்டார்கள். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. ஒரு வரைமுறை போட்டது. டாக்டர் எழுதித் தர வேண்டும், மருத்துவ நெறிமுறைப்படி இருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் 40-க்குக் குறையக் கூடாது. 35 இருந்தால், பருமனால் வந்த இதயத் தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தூக்கத்தில் கடுமையாக மூச்சடைப்பது, கட்டுக்கடங்காத டைப்-2 சர்க்கரை, இந்த நான்கில் ஒன்றாவது வேண்டும். வேறு வழியில் எடை குறைக்க முயன்று தோற்றிருக்கவும் வேண்டும். இந்தக் கோட்டைத் தொட்டால்தான் பணம். ஒன்றுமே கிடையாது என்றிருந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம், மறுக்கவில்லை.

ஆனால் அந்த 40-ம் 35-ம் எங்கிருந்து வந்த எண்கள்? 1991-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு அங்கே உள்ள உடம்புகளைப் பார்த்துச் சொன்ன எண்களும் இவைதான். நம் உடம்பு வேறு. அதே பி.எம்.ஐ.யில் நமக்குக் கொழுப்பு கூடுதல், தொப்பை கூடுதல், சர்க்கரையும் சீக்கிரம். ஆசியர்களுக்கு அளவு தாழ்வாக வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே பேசியது. 2022-ல் உலக அளவிலான உடல் பருமன் அறுவை சிகிச்சை நிபுணர் சங்கமும் அமெரிக்கச் சங்கமும் சேர்ந்து 1991 அளவையே மாற்றி, 35 இருந்தால் வேறு நோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று எழுதிவிட்டன. எண்ணைச் சொன்ன நாட்டின் நிபுணர் சங்கமே அதை விட்டுவிட்டது. நம் பாலிசிப் புத்தகம் விடவில்லை.

இது தாளில் உள்ள வித்தியாசம் மட்டுமில்லை. ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். உயரம் 155 செ.மீ., எடை 82 கிலோ, இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லை. பி.எம்.ஐ. 34.1. புதிய மருத்துவ நெறிமுறைப்படி இவருக்குத் தாராளமாக ஆபரேஷன் செய்யலாம். பாலிசிப்படி 35 ஆக வேண்டுமானால் 84 கிலோ சொச்சம் இருக்க வேண்டும். இரண்டு கிலோ குறைகிறது. உடம்பை இளைக்க வைக்கத்தான் இவ்வளவு பாடும். அந்த ஆபரேஷனுக்குப் பணம் கிடைக்க இரண்டு கிலோ ஏற்றலாமா என்று ஒரு நோயாளியை யோசிக்க வைக்கிற விதி எப்படி நியாயமாகும்? மாத்திரையும் பத்தியமுமாகச் சர்க்கரையைக் கஷ்டப்பட்டுக் கட்டுக்குள் வைத்தவரோ, கட்டுக்கடங்காத என்ற ஒரு சொல்லால் வெளியே நிற்கிறார். மூட்டு வலி அந்த நான்கில் இல்லை. வயலிலும் உப்பளத்திலும் குனிந்து நிமிர்ந்து பிழைக்கிறவருக்கு முட்டி போனால் பிழைப்பே போச்சு. அதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

மருத்துவமனையின் இன்சூரன்ஸ் டெஸ்க் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். “தம்பி, அப்ரூவல் வந்துட்டா?” “இல்லக்கா, ஒரு குவெரி கேட்டிருக்காவ. பழைய சுகர் ரிப்போர்ட் இருக்கா?” அக்கா மஞ்சப்பையைத் தரையில் கவிழ்ப்பார். மளிகைக் கடை ரசீதோடு மடித்த மருந்துச் சீட்டு, மை மங்கிப்போன லேப் தாள், தேதி கிழிந்த ஈ.சி.ஜி. கேட்டது மட்டும் இருக்காது. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாதச் சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். ஆனால் கேட்ட தாள் கையில் இல்லாவிட்டால் அந்த வேகத்தால் யாருக்கு என்ன பயன்?

ஆகவே முடிவெடுக்க ஓராண்டு முன்பிருந்தே ஒரு ஃபைல் போடுங்கள். டயட்டீஷியன் சீட்டு, மாதா மாத எடை, சர்க்கரை அளவு, எடை குறைக்கும் ஊசி போட்டிருந்தால் அதன் பில், தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட். வீட்டுக்கு வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அவர்கள் எழுதித் தருவதையும் பத்திரப்படுத்துங்கள். இன்னொன்று முக்கியம். ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பு கல்லீரல் சுருங்குவதற்காகக் திரவ உணவு, புரோட்டீன் பானம் என்று கொடுத்து எடையைக் கொஞ்சம் இறக்குவார்கள். முதல் நாள் பார்த்த உயரமும் எடையும் டாக்டர் கையெழுத்தோடு ஃபைலில் இல்லாவிட்டால், இறங்கிய எடையை வைத்து மறுத்துவிட வாய்ப்பிருக்கிறது.

புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் எடையை மறைக்க வேண்டாம். ஏஜென்ட், “65 கிலோன்னு போட்டுக்கிடுதேன், பிரீமியம் கூடாது” என்பார். கையெழுத்து உங்களுடையது. நாளை மறுப்பதற்கு அதைவிட வலுவான காரணம் அவர்களுக்கு வேண்டியதில்லை. பல பாலிசிகளில் இந்தச் சிகிச்சைக்கு இரண்டு மூன்று ஆண்டு காத்திருப்பும் உண்டு. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 2024-க்குப் பிறகு அதிகபட்சம் 36 மாதம். தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டிவிட்டால், மோசடி நிரூபணமானால் ஒழிய, மறைத்தாய் என்று சொல்லி மறுக்க முடியாது.

எடை குறைக்கும் ஊசிகளும் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ, ஜூனில் வெகோவி. சிலருக்கு ஆபரேஷனே தேவைப்படாமல் போகலாம். ஆனால் நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்ப ஏறும்; ஆஸ்பத்திரியில் படுக்காமல் போடுகிற ஊசிக்கு வழக்கமான பாலிசி பணம் தராது. மாதா மாதம் கையை விட்டுக் கட்ட முடிகிறவர்களின் வழி அது.

ஐ.ஆர்.டி.ஏ.ஐ. செய்ய வேண்டியது பெரிய காரியம் இல்லை. நம் உடம்புக்குப் பொருந்தும் அளவை வைத்து அந்த இரண்டு எண்களைத் திருத்த வேண்டும்; கட்டுக்கடங்காத என்ற சொல்லுக்கு விளக்கம் எழுத வேண்டும்; நடக்க விடாத மூட்டு நோயைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மருத்துவர் சங்கங்களும் நம் எம்.பி.க்களும் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும், மறுத்துவிட்டார்கள் என்றால் வாய்வார்த்தையாக விட்டுவிடாதீர்கள். பாலிசியின் எந்த விதிப்படி என்று எழுத்தில் வாங்குங்கள். முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ வந்த பதில் ஒப்பாவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு, அதாவது ஓம்பட்ஸ்மேனுக்கு, மனு அனுப்பலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கை அவர் விசாரிப்பார். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.